ஆறு மாத டிபி மாத்திரை: யார் துணையில் முடிப்பது?

டிபி என்று உறுதியான அன்று ஆஸ்பத்திரியில் பத்துக் கேள்வி கேட்பார்கள். ஒன்றுக்கு மட்டும் பல குடும்பங்கள் முழிக்கும். "மாத்திரையை யார் பார்த்துப்பீங்க?" கையில் சளிப் பரிசோதனைச் சீட்டு, கக்கத்தில் எக்ஸ்ரே கவர், மனசு முழுக்கப் பயம். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் யாரோ அவர் "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார், தினமும் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துக்கொள்ளும் துணை ஆள் என்று படிவத்தில் அவர் பெயர் ஏறிவிடும். மூன்றாவது மாதம் அந்த ஏற்பாடு ஆட்டம் காணும்போதுதான் வாசகர்களிடமிருந்து கேள்விகள் வருகின்றன. "அங்கன்வாடியிலேயே போய்ப் போட்டுக்கச் சொல்லலாமா?" "ஃபோன்ல பதிவு பண்ணினா போதும்னு சொல்றாங்களே, சரியா?" "மாமியாருக்குத் தெரியாம எப்படி ஆறு மாசம் ஓட்டறது?"

இவர்களுக்காகவே இந்த ஒப்பீடு. சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படும் டிபியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மருந்துக்குக் கட்டுப்படாத வகைக்கு மருந்தும் கண்காணிப்பும் வேறு, அங்கே ஆஸ்பத்திரி சொல்வதே முடிவு. என் கட்சி என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை விழுங்குவதைப் பார்க்க ஆள் கிடைப்பது சுலபம். ஏன் விழுங்க வேண்டும் என்று ஆறு மாதமும் அலுக்காமல் சொல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அந்த இரண்டாவது ஆளைத்தான் தேட வேண்டும், தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளியிடம் இருக்க வேண்டும்.

எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, நாள் தவறாமை. அரசுத் திட்டத்தில் முன்பு வாரம் மூன்று நாள் மருந்து இருந்தது. 2017-இல் அது தினசரி மாத்திரையாக மாறியது. வாரம் மூன்று முறை வந்து போக ஏற்ற இடம், தினமும் என்றதும் பலருக்கு ஒத்துவராமல் போயிற்று. பழைய அனுபவத்தை வைத்துப் பெரியவர்கள் சொல்லும் யோசனையை இந்த இடத்தில் கொஞ்சம் சலித்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பக்கவிளைவு வந்தால் முதலில் யார் கண்ணில் படும், அவர் யாரிடம் சொல்வார்.

மூன்றாவது, ரகசியம். டிபி என்று தெருவுக்குத் தெரிந்தால் வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்வாரோ, பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பின்வாங்குவார்களோ என்ற பயம் கற்பனையில்லை. இதை "விழிப்புணர்வு இல்லாமை" என்று ஒதுக்கிவிட்டு ஆலோசனை சொல்பவர்கள் அந்தத் தெருவில் குடியிருந்து பார்க்க வேண்டும்.

நான்காவது, கைக்காசு. மாத்திரை இலவசம். பஸ்ஸும் போன அரை நாள் கூலியும் இலவசமில்லை.

ஐந்தாவது, பேச்சு. சந்தேகம் வரும்போது கேட்க ஆள் இருக்கிறாரா?

ஐந்தாவதைப் பற்றிக் கொஞ்சம் நேர்மையாகப் பேச வேண்டும். நோயாளிக்கு விளக்கமும் ஆலோசனையும் கொடுத்தால் மட்டும் மாத்திரையை முடித்துவிடுகிறார்களா என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பான கோக்ரேனின் தொகுப்பு ஒன்று 2012-இல் பார்த்தது. தேறிய ஆய்வுகள் மூன்றே மூன்று. அவையும் நோய் வராமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களைப் பற்றியவை. அப்படியானால் பக்கத்தில் நின்று விழுங்குவதைப் பார்த்தால் போதுமா? அதே கோக்ரேனின் இன்னொரு தொகுப்பு 2015-இல் புதுப்பிக்கப்பட்டது. நேரில் பார்த்துக் கொடுப்பதற்கும் நோயாளி தானே போட்டுக்கொள்வதற்கும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே அதுவும் சொல்கிறது. ஆக, தனி உபதேசமும் தனிக் காவலும் நிரூபணமான மருந்துகள் இல்லை.

இரண்டையும் சேர்த்தால்? செனகலில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2007-இல் வெளியானது. அங்கே நான்கு காரியங்கள் செய்தார்கள். ஊழியர்களுக்கு நோயாளியிடம் பேசப் பயிற்சி கொடுத்தார்கள், மருந்தை வீட்டுக்கு அருகில் கொண்டுவந்தார்கள், துணை ஆளை நோயாளியே தேர்ந்தெடுக்க விட்டார்கள், மையங்களின் மேற்பார்வையை இறுக்கினார்கள். அந்த மையங்களில் 88 சதவீதம் பேர் வெற்றிகரமாக முடித்தார்கள், வழக்கம்போல் நடந்த மையங்களில் 76. பாதியில் விட்டவர்கள் 16.8-இலிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்தார்கள். நான்கில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பேச்சும் நோயாளியின் தேர்வும் சேர்ந்தே போயின என்பது எனக்குப் போதும்.

எந்த மாதம் எதைச் சொல்வது

வழிகளை ஒப்பிடும் முன் துணை ஆள் என்ன சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று பார்த்துவிடலாம். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டுவதுதான் நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கம். பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர் காதில் அதில் கால்வாசி ஏறினால் அதிகம். தவணை முறையில்தான் சொல்ல வேண்டும்.

முதல் வாரத்துக்கு மூன்றே செய்தி. ஒன்று, எல்லா மாத்திரைகளையும் ஒரே வேளையில் போட வேண்டும். எண்ணிக்கை உடல் எடையைப் பொறுத்தது. 50 முதல் 64 கிலோ என்றால் நான்கு, 35 முதல் 49 என்றால் மூன்று. "காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு" என்று பிரிக்கக் கூடாது. இரண்டு, சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது, ரத்தம் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லாததால் இரண்டாம் நாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. மூன்று, கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வெறும் வயிற்றில் போடச் சொல்வார்கள். குமட்டல் தாங்காதவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாமா என்று கேட்டால் டாக்டர் வழி சொல்வார். கேட்காமலே நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் குடும்பத்திடம் பேச வேண்டும். தட்டு, டம்ளர், பாய் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. இது காற்றில் பரவும் நோய், பாத்திரத்தில் பரவாது. சரியான மருந்து தொடங்கிச் சுமார் இரண்டு வாரத்தில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைப்பது, இருமும்போது வாயை மூடுவது, வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்வது, முக்கியமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் காட்டித் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்பது, இவ்வளவுதான் வீட்டார் செய்ய வேண்டியது. ஒதுக்கிவைத்த தட்டில் சாப்பிடுகிறவர் மாத்திரையை மறைவாகத்தான் போடுவார், கொஞ்ச நாளில் போடவே மாட்டார்.

இரண்டு மாதம் முடிந்ததும் மறுபடி சளிப் பரிசோதனை. அதன்பின் நான்கு மருந்து சேர்ந்த அட்டை போய் மூன்று மருந்து சேர்ந்த அட்டை வரும், பைரசினமைடு நின்றுவிடும். "மருந்தைக் குறைச்சிட்டாங்க, அப்போ சரியாயிடுச்சு" என்று நோயாளி தானாக அர்த்தம் பண்ணிக்கொள்ளும் இடம் இது.

மூன்றாம் மாதம்தான் கண்டம். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை கூடியிருக்கிறது, வேலைக்குப் போகிறார். உடம்பே "போதும்" என்கிறது. "கண்டிப்பா சாப்பிடணும்" என்ற அதட்டல் இங்கே பலிக்காது, காரணம் சொல்ல வேண்டும். கோரைப் புல்லை மேலாக வெட்டிவிட்டால் வயல் சுத்தமாகத்தான் தெரியும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். முதல் இரண்டு மாத மருந்து மேலே தெரிகிற கிருமியைச் சாய்த்துவிடுகிறது. மிச்ச நான்கு மாதம் தூங்கிக் கிடக்கிற கிருமிக்கு. பாதியில் விட்டால் அது திரும்ப எழும், சில சமயம் பழைய மருந்துக்கு அடங்காமலும் எழும். கிராமத்தில் இந்த விளக்கத்துக்குப் பின் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

நான்கு, ஐந்தாம் மாதங்களில் பேச்சு சின்னச் சின்ன விஷயங்களுக்கு இறங்கும். கால் மதமதப்பு, குலதெய்வக் கோயில் பயணம், சாராயம். ஆறாம் மாதம் கடைசிப் பரிசோதனை. அது முடிந்தும் இரண்டு ஆண்டுகள் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

இந்த அட்டவணையை யார் கடைப்பிடிப்பார் என்ற கேள்வியோடு வழிகளைப் பார்ப்போம்.

வழி 1: சுகாதார ஊழியர் அல்லது அங்கன்வாடி முன்னிலையில்

ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி, இவற்றில் ஒன்றுக்குத் தினமும் போய் ஊழியர் கண்ணெதிரே விழுங்குவது. இந்த முறைக்கு நம் ஊரில் ஒரு முன்கதை உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, ஒரு பரீட்சை நடத்தியது. நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில், அதாவது டிபிக்காரர்களை மாதக்கணக்கில் தங்கவைக்கும் ஆஸ்பத்திரியில், சேர்த்தார்கள், பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து. நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்த சானடோரியத்துக்கு இணையாக, நெரிசலான ஏழை வீடுகளிலும் குணமானார்கள். வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் முடிவு வெளியானதும் உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. ஆனால் வீட்டுக்கு அனுப்பினால் மாத்திரையை விழுங்குகிறார்களா? திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கண்ணெதிரே கொடுக்கும் முறை அந்தக் கவலையிலிருந்து வளர்ந்தது.

இதன் பலம் பக்கவிளைவைக் கண்டுபிடிப்பது. தினமும் முகம் பார்க்கிற நர்ஸம்மாவுக்குக் கண் மஞ்சளாவது நோயாளிக்கு முன்பே தெரியும். எடை பார்க்கவும் சர்க்கரை பார்க்கவும் அங்கேயே வசதி. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் அறிவும் இருக்கிறது, நேரம்தான் இருப்பதில்லை. தடுப்பூசி நாளன்று போனால் "அந்தப் பக்கம் தண்ணி இருக்கு, போட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்பதோடு சரி.

வெளியே தெரியாத செலவைக் கணக்குப் போடுங்கள். நிலையம் திறக்கும் நேரமும் கட்டட வேலைக்கு லாரி ஏறும் நேரமும் ஒன்று. தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வருபவரை மேஸ்திரி எத்தனை நாள் வைத்துக்கொள்வார்? ஊட்டச்சத்துக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2018-இல் 500 ஆகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து இரட்டிப்பானது. பஸ்ஸுக்கும் போன கூலிக்கும் முன்னால் அந்தப் பணம் நிற்காது. அங்கன்வாடி பக்கத்திலேயே இருக்கும், ஆனால் அங்கே வரும் தாய்மார்கள் எல்லோரும் அதே தெரு. பிள்ளையே இல்லாத ஆண் தினமும் காலையில் அங்கன்வாடிக்கு ஏன் போகிறார் என்று ஊர் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடும்.

யாருக்கு இது ஏற்றது? தனியாக இருப்பவர், குடிப்பழக்கத்தில் இருப்பவர், ஏற்கெனவே ஒருமுறை பாதியில் விட்டவர், கல்லீரல் கோளாறோ வேறு பெரிய நோயோ உள்ளவர். இவர்களுக்கும் ஆறு மாதம் முழுக்க வேண்டும் என்பதில்லை. முதல் இரண்டு மாதம் இங்கே, பிறகு வீட்டில் என்று பிரிக்க முடியுமா என்று மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

வழி 2: வீட்டு ஆள்

பெரும்பாலானோர் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். அலைச்சல் இல்லை, கூலி போவதில்லை, தெருவுக்குத் தெரியாது. காலையோ இரவோ, வீட்டு வழக்கத்துக்கு ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளலாம். ரம்ஜான் மாதத்தில் நோன்பு வைக்க நினைப்பவர்கூட டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டு ஒரு நாளும் விடாமல் ஓட்டிவிட முடியும்.

"சொந்தக்காரங்க பார்த்தா இளகிடுவாங்க" என்று சில ஊழியர்கள் முகம் சுளிப்பார்கள். ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. நேபாள மலை மாவட்டங்களில் 2006-இல் வெளியான சோதனையில் வீட்டு ஆள் முறை 89 சதவீதம் வெற்றி, ஊர்த் தொண்டர் முறை 85. பாகிஸ்தானில் 2001-இல் வெளியானதில் நிலைமை தலைகீழ். ஊழியர் முன்னிலையில் 64 சதவீதம் குணம், தானே போட்டுக்கொண்டவர்கள் 62, வீட்டு ஆள் பார்த்தது 55. வீட்டு ஆள் என்பதாலேயே எதுவும் நடந்துவிடாது. எந்த வீட்டு ஆள், அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார் என்பதில் இருக்கிறது விஷயம்.

எந்த வீட்டு ஆள்? நம் வீடுகளில் இந்தப் பொறுப்பு கேட்காமலே மருமகள் தலையில் விழும். மாமனார் "அப்புறம் போட்டுக்கறேன், வச்சிட்டுப் போம்மா" என்றால் அவளால் என்ன செய்ய முடியும்? மாத்திரையை வைத்துவிட்டுப் போவாள், அட்டையில் டிக் அடிப்பாள். குடிக்கிற கணவனுக்கு மனைவியைத் துணையாகப் போட்டால் மாத்திரை தினசரிச் சண்டையின் இன்னொரு காரணமாகும், சில வீடுகளில் அடியாகவும் முடியும். எதிர்த்துப் பேசக்கூடிய உறவு வேண்டும். தாத்தாவுக்குச் செல்லப் பேத்தி, தம்பிக்கு அக்கா, அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுப் பால்ய நண்பர். கல்லூரியில் படிக்கும் பேத்தி "தாத்தா, வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க" என்றால் சிரித்துக்கொண்டே காட்டுவார். அதையே மருமகள் கேட்டால் வீடு இரண்டாகும்.

சொல்லிக் கொடுப்பது என்பது, நோயாளியோடு துணை ஆளும் மையத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்பது. முதல் நாள் ஒருமுறை, இரண்டாம் மாதம் அட்டை மாறும்போது ஒருமுறையாவது. இந்த இரண்டாவது தடவை பெரும்பாலும் நடப்பதில்லை. நோயாளி தெம்பாகிவிட்டார், தானே போய் வாங்கி வருகிறார், துணை ஆள் வீட்டில். ஆக, மூன்றாம் மாதச் சறுக்கலைப் பற்றித் துணை ஆளுக்கு யாரும் சொல்லவே இல்லை. இந்த வழியில் பெரிய ஓட்டை இதுதான். அடைப்பதும் சுலபம், ஒரு நாள் லீவு போட வேண்டும், அவ்வளவே.

கணக்கில் வராத செலவு துணை ஆளின் அலுப்பு. ஆறு மாதம் ஒருவரே பார்த்தால் ஓய்ந்துவிடுவார். மாற்று ஆள் ஒருவரை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வழி 3: ஃபோனும் பெட்டியும்

99டாட்ஸ் என்ற முறையில் மாத்திரை அட்டை ஒரு உறைக்குள் வரும். மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் பின்னால் மறைந்திருக்கும் எண் தெரியும். அந்த இலவச எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மாத்திரை போட்டதாகப் பதிவாகும். விடுபட்டால் மையத்துக்குத் தெரியும், அங்கிருந்து கூப்பிடுவார்கள். எல்லா மையத்திலும் எல்லா நேரமும் கிடைப்பதில்லை, உங்கள் மையத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரகசியத்துக்கும் கூலிக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. குறை துல்லியத்தில். சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் அழைப்புப் பதிவையும் சிறுநீர்ப் பரிசோதனையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாத்திரை போட்டும் அழைக்காதவர்கள் இருந்தார்கள், அழைப்பு பதிவாகியும் சிறுநீரில் மருந்து இல்லாதவர்களும் இருந்தார்கள். பதிவை நம்பி யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. ஃபோன் கணவர் கையில் இருக்கும் வீடுகளில் இது பெண்களுக்கு உதவுவதும் குறைவு.

வெறும் குறுஞ்செய்தி நினைவூட்டலைப் பற்றிப் பலருக்கு மிகையான நம்பிக்கை உண்டு. சீனாவில் நடந்து 2015-இல் வெளியான சோதனையில், ஐந்தில் ஒரு பங்கு மாத்திரையாவது விடுபட்ட மாதங்கள் வழக்கமான முறையில் சுமார் 30 சதவீதம், குறுஞ்செய்தி அனுப்பியும் 27. திறந்ததைப் பதிவு செய்து ஒலி எழுப்பும் மருந்துப் பெட்டி கொடுத்தவர்களிடம் அது 17 ஆக இறங்கியது. பெட்டியின் பதிவை வைத்து ஊழியர்கள் நோயாளியிடம் பேசினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இதுபோன்ற பெட்டிகள் நம் ஊரில் முக்கியமாக மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்குத்தான் பயன்படுகின்றன. வீடியோவில் விழுங்கிக் காட்டுவதும் சில இடங்களில் உண்டு.

கேள்வி கேட்டால் மிஸ்டு கால் பதில் சொல்லாது. அதனால் இந்த வழியை எடுப்பவர்கள் வாரம் ஒருமுறை யாரோ ஒருவரிடம் பேச ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். திருப்பூரில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்பவர், திருவல்லிக்கேணி மேன்ஷனில் தனியாக இருக்கும் இளைஞர், படித்து எழுதத் தெரிந்து நோயைப் புரிந்துகொண்டவர், இவர்களுக்கு ஏற்றது.

வழி 4: டிபியிலிருந்து மீண்டவர்

சென்னையில் 1999-இல் தொடங்கிய ரீச் போன்ற அமைப்புகள் குணமானவர்களுக்குப் பயிற்சி கொடுத்து டிபி சாம்பியன்களாக்கி வருகின்றன. பல மாவட்டங்களில் அரசுத் திட்டத்தோடும் இவர்கள் வேலை செய்கிறார்கள். இவர்கள் தினமும் வந்து மாத்திரை கொடுக்க மாட்டார்கள், ஃபோனில் பேசுவார்கள், எப்போதாவது நேரில் வருவார்கள்.

பேச்சு என்ற ஐந்தாவது அளவுகோலில் இவர்களுக்கு நிகர் யாருமில்லை. "எனக்கும் மூணாவது மாசம் அப்படித்தான் இருந்துச்சுக்கா, நிறுத்திடலாம்னு தோணுச்சு" என்று ஒருவர் சொன்னால், டாக்டர் பத்து நிமிடம் பேசியும் நடக்காதது நடக்கும். ஆரஞ்சு சிறுநீரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசக்கூடியவர்கள் இவர்கள்தான். கல்யாணமான புதிதில் நோய் வந்த பெண்கள் வேறு யாரிடமும் கேட்க முடியாததைப் பெண் சாம்பியனிடம் கேட்பார்கள். அதில் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும், வேறு முறை வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தையும் அது குறைக்கும்.

குறைகள் உண்டு. எல்லா ஊரிலும் ஆள் இல்லை. ஒருவர் அனுபவம் இன்னொருவருக்குப் பொருந்தாது. "எனக்கும் கண் மஞ்சளாச்சு, தானா சரியாயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் அது ஆபத்து. மருந்து சம்பந்தமான கேள்விக்கு "டாக்டரைப் பாருங்க" என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல சாம்பியன். இன்னொன்று, சாம்பியனின் முகம் ஊரில் டிபி முகமாகத் தெரிந்துபோயிருக்கும். அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாலே விஷயம் வெளியாகும். ரகசியம் வேண்டுபவர்கள் ஃபோனோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | சுகாதார ஊழியர் / அங்கன்வாடி | வீட்டு ஆள் | ஃபோன் பதிவு | மீண்டவர் |
|---|---|---|---|---|
| நாள் தவறாமை | நிலையம் திறந்திருக்கும் நாளில் நன்று | ஆளைப் பொறுத்தது | பதிவு உண்டு, உறுதி இல்லை | இவர் வேலை இல்லை |
| பக்கவிளைவு கண்ணில் படுவது | சிறப்பு | சொல்லிக் கொடுத்திருந்தால் நன்று | கிட்டத்தட்ட இல்லை | கேட்டால் சொல்வார் |
| ரகசியம் | குறைவு | தெருவிடம் உண்டு, வீட்டில் இல்லை | சிறப்பு | ஃபோனில் மட்டும் |
| கைக்காசு | பஸ், கூலி | இல்லை | இல்லை | இல்லை |
| மூன்றாம் மாதப் பேச்சு | நேரம் இருந்தால் | யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் | இல்லை | சிறப்பு |

அட்டவணையைப் பார்த்தால் ஒரே வழியில் எல்லாக் கட்டமும் நிறையவில்லை என்பது தெரியும். என் பரிந்துரை பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்தது. தினமும் பார்க்க வீட்டு ஆள், மாதம் இரண்டு முறை ஃபோனில் பேச மீண்டவர். சாம்பியன் கிடைக்காத ஊரில் அந்த இடத்தை மையத்தின் சிகிச்சை மேற்பார்வையாளரோ ஹெல்த் விசிட்டரோ நிரப்ப வேண்டும். அவர் நம்பரை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள்.

சில சிக்கலான நிலைகள்

மாமியாருக்குத் தெரியாமல் என்று கேட்ட பெண்ணுக்கு: கணவருக்காவது தெரிந்தே ஆக வேண்டும், அவருக்கும் பரிசோதனை வேண்டும். அம்மா வீட்டு ஆள் ஒருவரைத் துணையாக வைத்து, ஃபோன் பதிவோடு ஓட்டலாம். ஆனால் புகுந்த வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மறைப்பது சரியில்லை. அந்த உரையாடலை நீங்களே தொடங்க முடியாவிட்டால் ஹெல்த் விசிட்டரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், "எல்லா வீட்டிலும் பார்க்கிறோம்" என்று ஆரம்பிக்க அவர்களுக்குத் தெரியும்.

கடலுக்குப் போனால் பல நாள் கழித்துக் கரை திரும்பும் விசைப்படகுத் தொழிலாளிக்கு: முன்னிலையில் என்ற பேச்சே வேண்டாம். மாத்திரையை முன்கூட்டி வாங்கி நனையாத டப்பாவில், படகில் கூட வரும் ஒருவரிடம் சொல்லி வைத்துப் போவதே நடக்கும் காரியம். டிபி என்று சொல்ல விருப்பமில்லை என்றால் "தினமும் போட வேண்டிய மருந்து" என்று சொன்னாலும் போதும்.

தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்களுக்கு: அங்கே துணை ஆள் என்ற ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது. டிபி நோயாளிகளுக்கான அரசின் பதிவுத் தளமான நிக்ஷய் இணையத்தில் டாக்டர் உங்களைப் பதிவு செய்தாரா என்று கேளுங்கள். அது அவர் கடமை, 2012 முதல் எல்லா டிபி நோயாளியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பதிவானால் ஊட்டச்சத்துப் பணமும் உண்டு, அரசு ஊழியரின் துணையையும் கேட்டுப் பெறலாம்.

நிற்கவே தள்ளாடுகிறார், மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது, மிகவும் மெலிந்திருக்கிறார் என்றால் யாரைத் துணைக்கு வைப்பது என்ற இந்தக் கேள்வியே அப்புறம்தான். முதலில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இந்த அடையாளங்களை வைத்தே கவனிப்பைப் பிரிக்கிறார்கள். உங்கள் மையத்தில் அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாடு இல்லாத வீட்டில் எந்தத் துணையும் நிற்காது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை டிபி குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வில், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. 1,000 ரூபாய் வர வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கு இல்லை, ஆதார் இணைப்பு இல்லை என்று தள்ளிப்போவதைத் துணை ஆள் முதல் வாரமே சரிசெய்து கொடுத்தால், மாத்திரை விஷயத்திலும் அவர் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

தேர்ந்தெடுத்த ஏற்பாடு ஒத்துவரவில்லை என்றால் நடுவில் மாற்றலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஊர் மாறினாலும் நிக்ஷய் எண்ணைச் சொன்னால் புது ஊர் மையத்திலேயே மாத்திரை கிடைக்கும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துப் போடாதீர்கள், அன்றைய கணக்கை மட்டும் போட்டுவிட்டு மையத்தில் சொல்லுங்கள். ஒரு மாதம் தொடர்ந்து விட்டுவிட்டால் பாதியில் விட்டவர் கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள். அப்போதும் திட்டுவார்கள் என்று ஒளிந்துகொள்ள வேண்டாம். மையத்துக்குப் போகத் தயக்கமாக இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் முதலில் பேசுங்கள்.